விரல் வளர்ந்த கதை

நெடுந்தீவில் விஞ்ஞான ரீச்சர் என்றால் அரை டொக்டர் என்றுதான் சனம் நினைக்கும். காய்ச்சல் குளிசையை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போடுவது என்பதிலிருந்து கிணற்றுத் தண்ணீர் ஏன் இந்த வருஷம் கூட உவர்க்கிறது என்பது வரை என்னிடம்தான் கேட்பார்கள். நானும் ஒன்றையும் தெரியாது என்று சொன்னதில்லை. வெண்கட்டி கையில் இருக்கும்வரை நான் பெரிய வீராங்கனை. அதைக் கீழே வைத்துவிட்டால் பல்லி சொன்னாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிற ஆள். இந்த இரண்டு பேரும் ஒரே உடம்புக்குள் இருந்ததால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன புரட்டாதியில் பத்தாம் ஆண்டுக்கு இழந்த உறுப்பு மறுபடி வளர்கிற பாடம் எடுத்தேன். பல்லிக்கு வால் வளரும், நட்சத்திர மீனுக்குக் கை வளரும் என்று வழமைபோலத் தொடங்கினேன். கடலட்டைக்கு வந்தபோது என்னைவிடப் பிள்ளைகளுக்குத்தான் கூடத் தெரிந்திருந்தது. எங்கள் கரையோரத்தில் இப்போது வலை அடைத்துக் கடலட்டை வளர்க்கிறார்கள். ஒருத்தி தகப்பனின் பண்ணையிலிருந்து ஒன்றை வாளியில் கொண்டுவந்திருந்தாள். சூடு தாங்கவில்லையோ, எங்கள் சத்தம் தாங்கவில்லையோ, அது வகுப்புக்கு நடுவில் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டது. பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளின் மேல் ஏறி நின்றார்கள். பயப்படாதேங்கோ, கடலில் விட்டால் கொஞ்ச நாளில் புதுக்குடல் வந்துவிடும் என்றேன். அப்படியென்றால் எங்களுக்கு ஏன் வராது என்று ஒருவன் கேட்டான். எங்களுக்கும் ஈரல் வளரும், தோல் வளரும், ஆனால் கைகால் விரல் வளராது, பெரிய உடம்புக்குச் சின்ன வரம்தான் என்று சொன்னேன். சொன்னவிதம் எனக்கே பிடித்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அதை ஒருதரம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அதே கிழமை வியாழக்கிழமை என் மகளின் விரல் போனது.

எங்கள் வளவைச் சுற்றிக் கல்வேலி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் பிடிப்பார்கள், ஏதோ ஆயிரம் வருஷமாக அசையாமல் நிற்கிற மாதிரி. உண்மை என்னவென்றால் அது தினமும் விழும், நாங்கள் தினமும் அடுக்குவோம். சாந்து, சீமெந்து ஒன்றும் கிடையாது. பசுவை மேய விடுவதற்கு ஏழெட்டுக் கல்லை இறக்கி வழி விடுவேன், அது போனதும் திரும்ப அடுக்குவேன். அடுக்குவதில் ஒரு முறை இருக்கிறது. பெரிய கல்லை வைத்ததும் அதன் கீழே சின்னக் கல்லைச் செருகி ஆட்டிப் பார்க்கவேண்டும். ஆடினால் இன்னொன்று செருகவேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் எனக்கு. பசுவும் அடம்பிடித்தது. நான் சின்னக் கல் ஒன்றும் செருகாமல், பின்னேரம் வந்து பார்ப்போம் என்று மேலே மேலே தூக்கி வைத்துவிட்டு ஓடினேன்.

பின்னேரம் நான் பார்ப்பதற்கு முன்னமே மகள் அதில் ஏறப் பார்த்தாள். அவளுக்கு ஆறு வயது. கல் உருண்டு, கீழிருந்த கல்லோடு சேர்த்து அவளுடைய வலது கைச் சுட்டுவிரலை நசித்தது. நகத்தின் பாதியோடு நுனி போய்விட்டது.

அவள் போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடிவந்தவர் அடுத்த வீட்டு அண்ணை. அவர் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, அக்கரையில் இருக்கிற குறிகட்டுவான் துறைக்கு அனுப்புகிறவர். என் தகப்பன் வயது இல்லை, என் அண்ணன் வயதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் சீலைத் தலைப்பால் கையைச் சுற்றிப் பிடித்தபடி நின்றேன். விழுந்ததைத் தேட எனக்குத் துணிவு வரவில்லை. அவர்தான் குந்தியிருந்து கல்லுக்கு இடையில் தேடி எடுத்தார். எடுத்ததைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, வைச்சிருங்கோ ரீச்சர், வாறன் என்று சொல்லித் தன் கொட்டிலுக்கு ஓடினார்.

மீன் பெட்டியைக் கொண்டுவந்தார், குளிர் காக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டி. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த புதுசு. அதற்குள் உடைத்த ஐஸ் போட்டார். போட்டுவிட்டு, கை பழகின வேகத்தில், உப்புச் சாக்குக்குள் கையை விட்டு இரண்டு பிடி அள்ளி ஐஸின் மேலே தூவினார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் கூடும், மீன் கல்லாகிவிடும், கடல் தாண்டி லொறிக்கு ஏறும்வரை பழுதாகாது. உப்பில்லாத ஐஸ் குறிகட்டுவானைக் காணாது என்று மீன்காரர் சொல்வார்கள். விரல்நுனியை ஒரு சின்னச் சீலைத் துண்டில் சுற்றி அந்த ஐஸுக்கு நடுவில் வைத்து மூடினார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாம் ஆண்டுக்கு அதே மாதம் நான் ஐஸுக்குள் உப்பைப் போட்டு வெப்பமானியை வைத்து, பாருங்கோ பிள்ளையள், பூச்சியத்துக்குக் கீழே போகுது என்று காட்டியிருந்தேன். உறைந்தால் உயிர்க்கலம் வெடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வேண்டாம் அண்ணை என்ற இரண்டு சொல் போதும். பிள்ளை கத்துகிறாள், துறையில் போட் வெளிக்கிடப் போகிறது, அந்த மனுசன் என் பிள்ளைக்காக மூச்சு வாங்க ஓடுகிறார். நான் வாய் திறக்கவில்லை. ஊருக்கடி உபதேசம் உனக்கில்லையடி என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்களோ தெரியாது.

தீவு ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றால் பின்னேரப் போட் போய்விடும் என்று நேரே துறைக்குப் போனோம். கடல் கொஞ்சம் குழம்பித்தான் இருந்தது. அண்ணை பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மகள் அழுது களைத்து, அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக் கடலில் என்னிடம் கேட்டாள்:

"அம்மா, என்ர விரலுக்கு அங்க குளிருமோ?"

இல்லை குஞ்சு என்றேன். குறிகட்டுவானில் அண்ணை எங்களை ஒரு வாடகை வானுக்குள் ஏற்றி, பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, திரும்புகிற போட்டைப் பிடிக்க ஓடினார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு இளம் பெண் டொக்டர் பெட்டியைத் திறந்தார். சீலையை விரித்து விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு கொட்டைப் பாக்கு மாதிரி இறுகியிருந்தது. உப்புப் போட்டீர்களோ என்று கேட்டார். ஓம் என்றேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்கவேண்டும், ஐஸ் நேரே படக்கூடாது, உப்பு அறவே கூடாது என்று மெதுவாகச் சொன்னார். இதைத் தைத்துப் பிரயோசனம் இல்லை என்றும் சொன்னார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்டபோது, வீட்டிலதான் என்று பொய் சொன்னேன்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுப்பிவிட்டது. சின்னப்பிள்ளைகளுக்கு நகத்தின் அடி மிச்சமிருந்தால் விரல்நுனி சிலவேளை தானாக வளரும், அதனால் வேறிடத்துத் தோலை வெட்டி ஒட்டாமல் மூடிக்கட்டி விடுவோம் என்றார்.

"வருமோ டொக்டர்?"

"பாப்பம்."

வகுப்பில் நான் ஒருநாளும் பாப்பம் என்று சொன்னதில்லை. வளரும், வளராது, இரண்டுதான். விரல் வளராது என்று அந்தக் கிழமைதான் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். இப்போது அது பிழையாக இருக்கவேண்டும் என்று எல்லாக் கோயிலையும் கும்பிட்டேன்.

நாலு நாள் கழித்து ஊருக்குத் திரும்பினோம். என் அவர் தெற்கே ஒரு ஊரில் கடையில் வேலை செய்கிறார், செய்தி கேட்டு வந்து ஆஸ்பத்திரியில் எங்களோடு நின்றார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, கல்லை ஆர் அடுக்கினது என்பது. நான் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்கு நோகிறது. மூன்றாம் நாள் லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார்.

துறையில் அண்ணை நின்றார். மகளின் கையில் பெரிய கட்டு. அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பொருந்திச்சுதோ ரீச்சர் என்று கேட்டார். ஓம் அண்ணை, எல்லாம் சரி என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயிலிருந்து தானாக வந்தது. வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், விழுந்த கல்வேலியை அவர் திரும்ப அடுக்கியிருந்தார். ஒவ்வொரு கல்லுக்குக் கீழும் சின்னக் கல் செருகி, ஆட்டினாலும் ஆடாதபடி. ஆர் இதை இப்படி அடுக்கினது என்று அவர் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரிடம், நீங்கள் போட்ட உப்பால்தான் தைக்க ஏலாமல் போனது என்று நான் எந்த வாயால் சொல்வது? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டேன்.

அந்தக் கொஞ்ச நாள் பயத்தோடுதான் போனது. கட்டைப் பிரிக்கக்கூடாது, கிழமைக்கு ஒருதரம் ஆஸ்பத்திரியில்தான் மாற்றவேண்டும், மணத்தால் பயப்படவேண்டாம் என்று சொல்லி விட்டிருந்தார்கள். பயப்படவேண்டாம் என்று எனக்குச் சொல்வது, நெருப்பைச் சுடாதே என்று சொல்கிற மாதிரி. நாலாம் நாளே மணக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முதல் ஒருதரம், வந்ததும் ஒருதரம், அவள் படம் கீறும்போது ஒருதரம் என்று நான் பூனை மாதிரி அந்தக் கட்டை மோந்துகொண்டு திரிந்தேன். இன்றைய மணம் நேற்றையதைவிடக் கூடவோ குறையவோ என்று தீர்மானிக்க ஏலாமல் திரும்பவும் மோந்து பார்ப்பேன். சுவரில் பல்லி வால் ஆட்டினால் எனக்கு எரிச்சல் வரும். உனக்கென்ன, போனால் வரும் என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கிழமைக்கு ஒருதரம் கடல் தாண்டுவது வேறு. ஐப்பசி பிறந்து வாடைக்காற்றும் தொடங்கியிருந்தது. இன்றைக்கு போட் ஓடுமோ ஓடாதோ என்று விடியவே துறைக்குப் போய் நிற்கவேண்டும். நிற்கிற நேரத்தில் அங்கே கட்டியிருக்கும் பலகைகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். மீள்குடியேற்றம், மீளெழுச்சி, புனரமைப்பு என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பலகை, சிலதில் எழுத்து அழிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து காசு வந்து எங்கள் கோயில்கள் வருஷத்துக்கு வருஷம் உயருகின்றன, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். போனவர்களின் வளவுகளில் இரண்டு மூன்றில் புதுசாக மாடி வீடு எழும்பியிருக்கிறது, பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு இடம் காயப்பட்டால் அங்கே திரும்ப என்ன வளரும் என்று முன்கூட்டியே சொல்ல ஏலாது போல. முதல் இருந்ததுதான் வரவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இதை யோசித்தால் மகளின் கட்டுக்குள்ளே என்ன வளர்கிறதோ என்றுதான் நினைப்பு ஓடும். விரல் வராமல் வேறேதும் வந்தால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்.

அந்த மாதக் கடைசியில் முருகன் கோயிலில் சூரன்போர். கட்டுப்போட்ட கையை உயர்த்திப் பிடித்தபடி மகளும் வந்தாள். சூரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் முன்னும் பின்னும் ஓடுவார்கள், வேல் பட்டதும் தலை போகும், உடனே வேறு தலை வரும். சிங்கத் தலை போனால் இன்னொன்று. சனம் ஆரவாரம் செய்யும். மகள் அதைக் கண் வெட்டாமல் பார்த்தாள். பார்த்துவிட்டு, சூரனுக்குள்ளே ஒரு மாமா இருந்து தலையைக் கொழுவுகிறார், நான் கண்டனான் என்றாள். பிறகு தன் கட்டைக் காட்டி, இதுக்குள்ள ஆர் இருந்து கொழுவுறது என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை, தானாக வரும் என்றேன். தானாக எப்படி வரும் என்று கேட்டு என்னை விடவில்லை. எனக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல்தரம் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவளுக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஆனால் வந்தது. ஒவ்வொரு தரமும் டொக்டர் கட்டைப் பிரிக்கும்போது நான் மற்றப்பக்கம் திரும்பி நிற்பேன், மகள்தான் பார்த்து எனக்குச் சொல்வாள். முதலில் சிவப்பாக ஒரு முகிழ் என்றாள். பிறகு அது உருண்டது, பிறகு தோல் மூடியது. கார்த்திகை முடிவதற்குள் நகமும் எட்டிப் பார்த்தது, கிளிமூக்கு மாதிரிச் சற்று வளைந்து. நானே துணிந்து தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. நான் அந்த ஆஸ்பத்திரிக் கதிரையிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன், மகள் எல்லாருக்கும் முன்னால் வெட்கப்பட்டாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியம் இல்லை. விரல் வளர்ந்தபிறகு ஊரில் அதன் கதை வளரத் தொடங்கியது.

அண்ணைக்கு இருந்த சந்தோஷம் எனக்குக்கூட இருக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் தழும்பே தெரியவில்லை, என்ன கெட்டிக்காரர் என்று டொக்டர்மாரைப் புகழ்ந்தார். அன்றைக்கு நான் உப்புப் போடாமல் விட்டிருந்தால் துண்டு பழுதாகியிருக்கும் என்றார். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கடவுளே எனக்கு அந்த நேரம் புத்தி வந்தது என்ற மாதிரிச் சொன்னார். நான் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன்.

துறையில் சொன்னார்கள், சந்தியில் சொன்னார்கள். மார்கழியில் ஒருநாள் புங்குடுதீவைத் தாண்டிப் போகும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி என் கதையையே எனக்குச் சொன்னா. நெடுந்தீவில் ஒரு பிள்ளைக்கு இரண்டு விரல் அறுந்து போனதாம், உப்பு ஐஸில் வைத்து ஒரு நாள் முழுக்கக் காத்து, அடுத்தநாள் தைத்தார்களாம், இப்போது பிள்ளை வீணை வாசிக்கிறதாம். எங்கள் வீட்டில் வீணை கிடையாது. நான் அப்படியோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து என் மச்சாள் வட்ஸ்அப்பில் கோல் எடுத்து, எங்கட ஆக்களின்ர கைமருந்து டொக்டர்மாருக்கே தெரியாது என்றாள். உண்மையை வெட்டி எறிந்த இடத்திலும் ஏதோ ஒன்று முளைக்கத்தான் செய்கிறது. நான் வெட்டியதை மறைத்தேன், மற்றவர்கள் மிச்சத்தை வளர்த்தார்கள்.

பிறகு அண்ணை ஒரு காரியம் செய்தார். புதுசாக ஒரு சின்னப் பெட்டி வாங்கி, அதற்குள் ஒரு பொதி உப்பும் வெள்ளைச் சீலையும் வைத்து, கொட்டில் வளைமரத்தில் தொங்கவிட்டார். மீன் பெட்டியில் மனுசத் துண்டை வைக்கக்கூடாது, கடலுக்குப் போகிற ஊர், எந்த நேரமும் தேவைப்படும் என்றார். அதைக் கண்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. சின்னப்பிள்ளைக்கு வளர்ந்தது, பெரிய ஆளுக்கு வளராது. அந்தப் பெட்டி அங்கே தொங்குவது நான் சொல்லாமல் விட்டதால்தான்.

சொல்லப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஒருநாள் வேலிக்கு மேலால், உப்பு இல்லாமல் ஐஸ் மட்டும் வைத்தாலே நல்லது அண்ணை என்றேன். அவர் சிரித்து, அப்ப குறிகட்டுவான் காணாதெல்லோ ரீச்சர் என்றார். அதற்குமேல் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வசனம்தான். அந்த நேரம் பார்த்து மகள் வந்து அவருக்குத் தன் நகத்தைக் காட்டினாள், அவர் அதை முத்தமிட்டார். பொங்கலுக்குப் பிறகு சொல்வோம் என்று விட்டேன். பொங்கல் வந்து போனது.

தை மாதம் நடுவில், இரண்டாம் பாடம் முடிகிற நேரம், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பிந்தி வந்தாள். ஏன் பிந்தினது என்று கேட்டேன். கரையில் ஒரு அண்ணாவின் பெருவிரல் எஞ்சின் பெல்ட்டில் அகப்பட்டுத் துண்டாய்ப் போய்விட்டது, சனம் எல்லாம் அங்கே நிற்கிறது, ஐஸ் வைத்துக் கட்டி, துறையில் நிற்கிற போட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள். எப்ப என்றேன். ஒரு மணித்தியாலம் இருக்கும் என்றாள். நான் அதிபரிடம்கூடக் கேட்கவில்லை. யாருடையதோ சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்கு மிதித்தேன். காற்று எதிராக அடித்தது. அந்தப் பெட்டியாக இருக்கக்கூடாது, வேறு ஆராவது வேறு ஏதாவது செய்திருக்கவேண்டும் என்று வழி முழுக்க மன்றாடினேன்.

அந்தப் பெட்டிதான். போட்டைப் பிடித்துக் கட்டியபடி வைத்திருந்தார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க பெடியன் ஒருவன் துவாயால் கையைச் சுற்றிக்கொண்டு சீமெந்துக் கட்டின்மேல் இருந்தான், பக்கத்தில் அவனுடைய மனுசி. அண்ணை பெட்டியோடு நின்றார். என்னைக் கண்டதும், ரீச்சர் நல்லநேரம் வந்தனீங்கள், இவனுக்குச் சொல்லுங்கோ, பயப்படுறான் என்றார். நான் பெட்டியை வாங்கித் திறந்தேன். ஐஸின் மேல் உப்பு வெள்ளையாகக் கிடந்தது. சீலையைத் தொட்டேன். விறைத்து இறுகிவிட்டது. அந்த இறுக்கத்தை யாழ்ப்பாணத்தில் டொக்டர் பெட்டியைத் திறந்தபோதே கண்டிருந்தேன்.

உப்பு வேண்டாம், உப்புப் போட்டால் தைக்க ஏலாது என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஏன் ரீச்சர், எங்கட பிள்ளைக்கும் இப்பிடித்தானே வைச்சனாங்கள்?"

"பிள்ளையின்ரய தைக்கேல்லை அண்ணை. உறைஞ்சு போனதால தைக்க ஏலாமப் போச்சுது. அது தானா வளந்தது."

அண்ணை பெட்டிக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எப்ப தெரியும் என்று கேட்டார். அன்றைக்கே தெரியும் என்றேன். அன்றைக்கே என்று அவரும் ஒருதரம் சொன்னார்.

கட்டின்மேல் இருந்த பெடியன்தான் தலையை நிமிர்த்தினான். "அப்ப எனக்கும் தானா வளரும்தானே ரீச்சர்?"

அவன் என்னிடம் படித்தவன் இல்லை. ஆனாலும் ரீச்சர் சொன்னால் சரி என்று நம்பிக் கேட்டான். அவனுடைய மனுசியும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைத் தம்பி," என்றேன். "பெரியாக்களுக்கு வளராது."

அவள் அழத் தொடங்கினாள். போட்காரன் கயிற்றை அவிழ்க்கட்டோ என்று கேட்டான். உப்பு ஐஸைக் கொட்டிவிட்டு, பொலித்தீனில் சுற்றி வெறும் ஐஸுக்கு மேல் வைத்துக் கொண்டுபோகச் சொன்னேன். பிரயோசனம் இருக்காது என்று எனக்குத் தெரியும், ஆனால் கடைசி வார்த்தை டொக்டருடையதாக இருக்கட்டும். அண்ணை நான் சொன்னபடி எல்லாம் செய்தார். பொலித்தீன் பையின் முடிச்சை மட்டும் நான் போட்டேன். பிறகு அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியோடு போட்டுக்குள் இறங்கினார்.

நீங்கள் ஏன் அண்ணை போகிறீர்கள், காற்றும் கூட, மீனும் கிடக்குது என்று நான் கேட்டேன். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை.

"உப்புப் போட்டது நான் எண்டு டொக்டரிட்ட ஆரும் சொல்லத்தானே வேணும்."